பேரப்பிள்ளையின் கல்லீரல் வீக்கமும் ரத்தப் புற்றுநோயும்: தாத்தா பாட்டிகளுக்கு ஒரு பாடம்

வீட்டில் சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் உடை மாற்றுவதும் பெரும்பாலும் யார்? அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் தாத்தாவும் பாட்டியும்தான். பிள்ளையின் உடம்பில் ஒரு மாற்றம் வந்தால் அதை முதலில் காண்பது உங்கள் கண்; முதலில் உணர்வது உங்கள் கை. வயிறு வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது, வலது விலாவுக்குக் கீழே ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது, காற்சட்டையின் இடுப்புப்பட்டி இறுக்குகிறது என்று பாட்டி சொன்ன பிறகுதான் பல பிள்ளைகள் மருத்துவரிடம் போகிறார்கள்.

அப்படிப் போகும் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே ரத்தப் புற்றுநோய் இருக்கும். ஆனால் இருந்துவிட்டால், அதன் பிறகு குடும்பம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது: “கல்லீரல் வரைக்கும் வந்துவிட்டதே, இனிப் பிள்ளை பிழைக்குமா?” இந்தப் பாடம் அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது.

கல்லீரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கலாம்

கல்லீரல் வயிற்றின் வலது பக்க மேல்பகுதியில், விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் விளிம்பு பொதுவாகக் கைக்குத் தட்டுப்படாது. சிறு பிள்ளைகளின் கதை வேறு. பிறந்த குழந்தையின் உடல் எடைக்குக் கல்லீரல் சற்றுப் பெரிய உறுப்பு. அதனால் பிறந்த குழந்தைக்கு விலாவிலிருந்து 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும், வளர்ந்த பிள்ளைக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரையும் கல்லீரலின் விளிம்பு கீழே தட்டுப்படுவது இயல்பே. மெல்லிய உடல்வாகுள்ள பிள்ளைக்கு அது இன்னும் எளிதாகத் தெரியும்.

இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இயல்புதான். வயிற்றுத் தசைகளுக்கு இன்னும் பலம் வரவில்லை என்பதே காரணம். மலச்சிக்கலும் வாயுவும் வயிற்றை உப்ப வைக்கும்.

உண்மையிலேயே கல்லீரல் பெரிதாகியிருந்தாலும், புற்றுநோயைத் தவிர வேறு காரணங்கள்தான் அதிகம். நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது டெங்கி. டெங்கிக் காய்ச்சலின்போது கல்லீரல் 2 சென்டிமீட்டருக்கு மேல் வீங்கினால், நோய் கடுமையாகலாம் என்பதற்கான எச்சரிக்கை அறிகுறியாக மருத்துவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். வேறு பல கிருமிகளாலும் கல்லீரல் சில வாரங்களுக்கு வீங்கியிருந்து பிறகு வற்றிவிடும். கடுமையான மூச்சிரைப்பில் நுரையீரலில் காற்று அடைத்துக்கொண்டு கல்லீரலைக் கீழே தள்ளுவதும் உண்டு. அப்போது கல்லீரல் பெரிதாகியிருக்காது. இடம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. கவனித்துச் சொல்வது உங்கள் வேலை.

எந்தப் புற்றுநோய் இது

சிறார்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரத்தப் புற்றுநோய். அதில் பெரும்பகுதி ‘லிம்ஃபோபிளாஸ்டிக்’ வகை. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ஏஎல்எல் என்பார்கள். ஐந்தில் ஒருவர் அல்லது அதற்கும் சற்றுக் குறைவானவர்களுக்கு வருவது ‘அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா’, அதாவது ஏஎம்எல். நாம் இங்கே பேசப்போவது இந்த இரண்டாவது வகையையும் அதன் உறவு நோய்கள் சிலவற்றையும் பற்றி.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் உருவாகும் இடம். அங்கே முதிர்ச்சி அடையாத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டால், நல்ல அணுக்களுக்கு இடம் இல்லாமல் போகும். சிவப்பணு குறைவதால் பிள்ளை வெளிறிச் சோர்ந்துவிடும். தட்டணு குறைவதால் ஈறில் ரத்தம் கசியும். அடிபடாமலே உடம்பில் நீலத் தடிப்புகள் தோன்றும். நல்ல வெள்ளையணு குறைவதால் காய்ச்சல் விட்டு விட்டு வரும்.

மஜ்ஜை நிரம்பிய பிறகு அந்த அணுக்கள் ரத்தத்தோடு மற்ற உறுப்புகளுக்கும் போகின்றன. கல்லீரலும் மண்ணீரலும் அவை தங்க வசதியான இடங்கள். இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது, பல மாதங்களுக்கு அதன் ரத்தத்தைத் தயாரிப்பது கல்லீரல்தான். மஜ்ஜை அந்த வேலையை முழுமையாக ஏற்றுக்கொள்வது பிற்பாடுதான். ஆகவே ரத்த அணுக்களுக்குக் கல்லீரல் அந்நிய வீடு இல்லை.

ஏஎம்எல் உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் கல்லீரல் வீங்குவதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், ‘மோனோசைட்’ என்னும் வெள்ளையணு வகையிலிருந்து தொடங்கும் ஏஎம்எல் உள்ளவர்களுக்கும் இது அதிகம். அதே பிள்ளைகளுக்கு ஈறு தடித்திருப்பதும், தோலில் நீலம் கலந்த சிறு முடிச்சுகள் தோன்றுவதும் உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோயில் “கல்லீரலுக்குப் பரவிவிட்டது” என்ற பேச்சுக்கு, பெரியவர்களுக்கு வரும் குடல் புற்றுநோயிலோ மார்பகப் புற்றுநோயிலோ உள்ள அர்த்தம் கிடையாது. அந்த நோய்கள் ஓரிடத்தில் தொடங்கிப் பிறகு கல்லீரலை எட்டினால், அது முற்றிய கட்டம். ரத்தப் புற்றுநோயோ முதல் நாளிலிருந்தே ரத்தம் போகும் இடமெல்லாம் இருக்கிறது. அதற்கு ‘முதல் கட்டம்’, ‘நான்காம் கட்டம்’ என்ற கணக்கே இல்லை. உங்கள் நண்பர் ஒருவர் கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயால் இறந்ததை நினைத்து, பேரனுக்கும் அதே கதிதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வயிறு பெரிதாவதோடு, வெளிறல், காரணமில்லாத நீலத் தடிப்புகள், தோலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், ஈறு வீக்கம், ஒரு வாரத்துக்கு மேல் போய்ப் போய் வரும் காய்ச்சல், கால் வலிக்கிறது என்று நடக்க மறுப்பது, கழுத்தில் கட்டிகள், பசியின்மை இவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால், அன்றோ மறுநாளோ பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையே அடுத்து என்ன செய்வது என்று பெரும்பாலும் சொல்லிவிடும். பிள்ளைக்கு மூச்சுத் திணறினாலோ, மயக்கமாக இருந்தாலோ, ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ 995ஐ அழையுங்கள்.

வெளிறிய பிள்ளையைக் கண்டுபிடிப்பதில் நம்மவர்களுக்கு ஒரு சிரமம் உண்டு. கறுத்த நிறமுள்ள பிள்ளையின் முகத்தில் வெளிறல் எளிதில் தெரியாது. கீழ் இமையைச் சற்று விலக்கி உள்பக்கம் பாருங்கள். உள்ளங்கையையும் நகக்கண்ணையும் பாருங்கள். உங்கள் கையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். சிவப்புப் புள்ளிகளும் கறுத்த தோலில் மங்கலாகவே தெரியும். வாய்க்குள் அண்ணத்தில் பார்த்தால் தெளிவாக இருக்கும்.

மருத்துவரிடம் பேசும்போது “வயிறு உப்பியிருக்கு” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்போதிலிருந்து, கூடவே வேறு என்ன, எந்தக் காற்சட்டை எப்போது இறுக்கத் தொடங்கியது என்று சொல்லுங்கள். அந்த விவரம் உங்களிடம்தான் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து நேராக மருந்தகத்துக்கு ஓடி வரும் அம்மாவிடம் இருக்காது.

கல்லீரல் பெரிதாக இருந்தால் முடிவு மோசமாக இருக்குமா

நேரடியான பதில்: கல்லீரலின் அளவை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் அதைச் சொல்லிவிட முடியாது.

முன்பு அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. சில பழைய ஆய்வுகளில், நோய் கண்டறியும்போதே கல்லீரலும் மண்ணீரலும் பெரிதாக இருந்த பிள்ளைகள் சிகிச்சையின் தொடக்க நாள்களில் கூடுதல் ஆபத்தைச் சந்தித்தார்கள். ஏஎல்எல் வகைக்கு ஜெர்மானிய மருத்துவர்கள் 1980களில் ஒரு கணக்கே வைத்திருந்தார்கள். ரத்தத்தில் உள்ள புற்றணுக்களின் எண்ணிக்கை, விலாவுக்குக் கீழே கல்லீரல் எத்தனை சென்டிமீட்டர், மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர் ஆகிய மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, வரும் எண்ணைக் கொண்டு சிகிச்சையின் வேகத்தை முடிவு செய்வார்கள். நோயின் மொத்தச் சுமை எவ்வளவு என்பதை மதிப்பிட, அன்று கையில் இருந்த நல்ல அளவுகோல் அதுதான்.

பிறகு அந்தச் சூத்திரத்தைக் கைவிட்டார்கள். கல்லீரலை அளப்பது கையைப் பொறுத்தது. ஒரே பிள்ளைக்கு ஒரு மருத்துவர் 3 சென்டிமீட்டர் என்பார், இன்னொருவர் 5 என்பார். பிள்ளை அழுதால் எண்ணே மாறிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கல்லீரல் பெரிதாக இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வெள்ளையணுவும் மிக அதிகம், வயதும் குறைவு, நோயும் மோனோசைட் வகை. அப்படியிருக்க, தொடக்கத்தில் வரும் ஆபத்து கல்லீரலால் வந்ததா, கூடவே இருக்கும் மற்றவற்றால் வந்ததா? வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 100,000ஐத் தாண்டினால், ரத்தம் கெட்டியாகி நுரையீரலிலும் மூளையிலும் உள்ள நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும், ரத்தக்கசிவும் வரலாம். முதல் சில நாள்களில் உயிருக்கு ஆபத்தாவது இதுதான். வீங்கிய கல்லீரல் அந்த ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சாட்சி போன்றது.

இன்று ஏஎம்எல் சிகிச்சையில் மருத்துவர்கள் பெரிதும் நம்புவது இரண்டை. முதலாவது, புற்றணுக்களின் மரபணுவில் என்ன மாற்றம் இருக்கிறது என்பது. எட்டாம், இருபத்தொன்றாம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தாலோ, பதினாறாம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருந்தாலோ பலன் மற்றவர்களைவிட நன்றாக இருக்கும். ஏழாம் நிறமூர்த்தத்தில் ஒன்று குறைந்திருந்தால் நோய் கடினமானது. இரண்டாவது, முதல் சுற்று மருந்துக்கு நோய் எப்படிப் பணிகிறது என்பது. முதல் சுற்று முடிந்ததும் மஜ்ஜையில் ஆயிரத்தில் ஓர் அணு மிஞ்சியிருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் இப்போது உள்ளன. பிள்ளைக்கு மருந்து மட்டும் போதுமா, தண்டு உயிரணு மாற்றும் சிகிச்சையும் வேண்டுமா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் நான்கு வயது என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுக்குக் கல்லீரல் தொப்புள் வரை இறங்கியிருக்கிறது. ஆனால் மரபணு மாற்றம் நல்ல வகை, முதல் சுற்றுக்குப் பிறகு மஜ்ஜையில் நோய் தென்படவில்லை. இன்னொருத்திக்குக் கல்லீரல் தட்டுப்படவே இல்லை; ஆனால் ஏழாம் நிறமூர்த்தத்தில் ஒன்று குறைவு, முதல் சுற்றுக்குப் பிறகும் நோய் மிஞ்சியிருக்கிறது. பார்ப்பவர்கள் முதல் பிள்ளையைப் பார்த்துத்தான் அழுவார்கள். மருத்துவர் அதிகம் கவலைப்படுவது இரண்டாவது பிள்ளையைப் பற்றி.

மொத்தமாகப் பார்த்தால், 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில்கூட ஏஎம்எல் வந்த 10 பிள்ளைகளில் 2 பேருக்கும் குறைவானவர்களே ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தார்கள். இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் 10 பேரில் 6 முதல் 7 பேர் பிழைக்கிறார்கள். இது சிறிய முன்னேற்றம் இல்லை. போதுமான முன்னேற்றமும் இல்லை. ஏஎல்எல் வகையில் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள் என்பதால், அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்ட ஒரு பிள்ளையின் கதையை உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். இரண்டும் வேறு நோய், சிகிச்சையும் வேறு. ஏஎல்எல் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். ஏஎம்எல் சிகிச்சை நான்கைந்து சுற்றுகளில், ஏறக்குறைய ஆறு மாதத்தில் முடியும். ஆனால் அது கடுமையானது, ஒவ்வொரு சுற்றிலும் பிள்ளை பல வாரம் மருத்துவமனையிலேயே இருக்க நேரும்.

மருந்து வேலை செய்தால் முதலில் வற்றுவதும் வயிறுதான். சில நாள்களிலேயே கல்லீரல் சுருங்கத் தொடங்கும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனாலும் மஜ்ஜைப் பரிசோதனையின் முடிவு வரும்வரை மருத்துவர்கள் எதுவும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

கல்லீரலே முக்கியமாகும் சில நோய்கள்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களில் சிலருக்குப் பிறந்த முதல் வாரங்களிலேயே ரத்தத்தில் புற்றணு போன்ற அணுக்கள் நிறையத் தென்படும், கல்லீரலும் வீங்கும். வியப்பான செய்தி என்னவென்றால், பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மூன்று மாதத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். ஆனால் ஒரு சிலருக்கு அந்த அணுக்கள் கல்லீரலைத் தழும்பாக்கி, மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் கொண்டுவந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இங்கேதான் கல்லீரலின் நிலை உண்மையாகவே முடிவைத் தீர்மானிக்கிறது. தேவைப்பட்டால் குறைந்த அளவு மருந்து கொடுத்து மருத்துவர்கள் அதை அடக்குவார்கள். நோய் மறைந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, நான்கு வயது ஆவதற்குள் ஏஎம்எல் வரலாம். அதனால்தான் “நன்றாகத்தானே இருக்கிறான்” என்று தோன்றினாலும் ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் அழைத்துப் போக வேண்டும். ஆறுதலான செய்தியும் உண்டு: டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறு பிள்ளைகளுக்கு வரும் ஏஎம்எல் மருந்துக்கு நன்றாகப் பணியும், 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் குணமாகிறார்கள்.

‘ஜேஎம்எம்எல்’ என்ற அரிய வகை பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி வருகிறது. இதில் மண்ணீரலும் கல்லீரலும் நன்றாகவே வீங்கும். தொடக்கத்தில் சாதாரணக் கிருமித்தொற்று போலவே இருப்பதால் கண்டுபிடிக்க நாளாகலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தண்டு உயிரணு மாற்றும் சிகிச்சை ஒன்றே வழி. அதைச் செய்தவர்களில் பாதிப் பேர் அளவுக்கு நீண்டநாள் வாழ்கிறார்கள்.

‘சிஎம்எல்’ எனப்படும் நாள்பட்ட வகை சிறார்களுக்கு அரிது. அதில் பெரிதாவது முக்கியமாக மண்ணீரல், இடது பக்கம். 2000க்குப் பிறகு வந்த இமட்டினிப் போன்ற மாத்திரைகள் இந்த நோயின் கதையையே மாற்றிவிட்டன. பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிடலாம். மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிடாமல் கொடுப்பதுதான் வீட்டாரின் பெரிய பொறுப்பு. பம்ப்ளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றை மட்டும் தவிர்க்க வேண்டும். அது மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும்.

சிகிச்சையின் நடுவில் கல்லீரல் மீண்டும் வீங்கினால்

வற்றிய வயிறு மறுபடியும் பெரிதானால் “நோய் திரும்பிவிட்டது” என்றே எல்லாரும் நினைப்பார்கள். அது ஒரு காரணம்தான். வேறு காரணங்களும் உண்டு.

தண்டு உயிரணு மாற்றிய பிறகு, குறிப்பாக முதல் மூன்று வாரங்களில், கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும் ஒரு சிக்கல் வரலாம். கல்லீரல் வீங்கி வலிக்கும், கண் மஞ்சளாகும், உடம்பில் நீர் சேர்ந்து எடை திடீரென்று கூடும். தாதியர் காலையும் மாலையும் பிள்ளையின் எடையைப் பார்ப்பதும், நாடாவால் வயிற்றுச் சுற்றளவை எடுப்பதும் இதற்காகத்தான். பிள்ளை தூங்கும்போது எழுப்பி அளக்கிறார்களே என்று அவர்களிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். சீக்கிரம் தெரிந்தால் இதற்கு மருந்து இருக்கிறது.

இன்னொன்று பூஞ்சைத் தொற்று. வெள்ளையணு மீண்டும் ஏறத் தொடங்கிய பிறகும் காய்ச்சல் விடாமல் இருந்தால், கல்லீரலிலும் மண்ணீரலிலும் பூஞ்சை தங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பல மாதங்களுக்குப் பிறகு வருவது இரும்புச் சத்தின் சுமை. பெரியவர்களுக்கு ஏற்றும் ஒரு பை சிவப்பணுவில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி இல்லாததால் அது கல்லீரலில் சேரும். ஆகவே “ரத்தம் ஊறட்டும்” என்று இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்தப் பிள்ளையின் ரத்தம் குறைவதற்குச் சாப்பாட்டில் இரும்பு குறைந்தது காரணம் இல்லை. சோற்றோடு முருங்கைக்கீரைப் பொரியல் தின்றால் தவறில்லை. டானிக்கும் மாத்திரையும்தான் கூடாது.

நம் வீட்டுப் பழக்கங்களில் நிறுத்த வேண்டியவை

வயிறு உப்பிய பிள்ளைக்கு நம் வீடுகளில் ‘மாந்தம்’ என்று பெயர் வைத்து வயிற்றில் எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிடுவது உண்டு. ‘குடல் ஏற்றம்’ எடுப்பதும் உண்டு. சாதாரண வாயுத் தொல்லைக்கு மெதுவாகத் தடவியதால் யாருக்கும் கெடுதல் வந்திருக்காது. ஆனால் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கிய பிள்ளைக்கு இது ஆபத்து. வீங்கிய மண்ணீரல் அழுத்தத்தால் கிழியலாம். தட்டணு குறைந்திருக்கும்போது உள்ளே கசியும் ரத்தம் நிற்காது. வயிற்றில் கெட்டியாக எதுவும் தட்டுப்பட்டால் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். “இன்னும் இருக்கிறதா” என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம்.

கல்லீரல் என்றதும் நமக்குக் கீழாநெல்லி நினைவுக்கு வரும். அந்த நல்ல எண்ணத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் புற்றுநோய் மருந்துகளில் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது இதே கல்லீரல்தான். மூலிகைச் சாறும் கசாயமும் அந்த வேலையில் குறுக்கிட்டால், மருந்து உடம்பில் அளவுக்கு மீறித் தங்கலாம், அல்லது பலிக்காமல் போகலாம். கல்லீரல் பரிசோதனையின் எண்கள் ஏறினால் மருத்துவர் அடுத்த சுற்றைத் தள்ளிப்போட நேரும். ஏஎம்எல் நோயில் தள்ளிப்போடுவது நல்லதில்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பயப்படாமல் சொல்லிவிடுங்கள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். மருமகளுக்குத் தெரியாமல் கொடுத்ததாக இருந்தாலும் சரி. சீன மருந்து, சித்த மருந்து, விற்பனையாளர் தந்த சத்துமாவு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

கீமோதெரபி நடக்கும் மாதங்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும், நள்ளிரவானாலும். முதலில் பாராசிட்டமோல் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆஸ்பிரின் கூடாது. மலவாயில் வைக்கும் மருந்தும், அங்கே வைத்துப் பார்க்கும் காய்ச்சல்மானியும் கூடாது. உங்களுக்கே சளி பிடித்திருந்தால், பிள்ளை எவ்வளவு அழைத்தாலும், தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பிள்ளைக்குச் செய்யும் நேரடியான உதவி.

நீங்கள் செய்ததால் இந்த நோய் வரவில்லை. நீங்கள் கொடுத்த சாப்பாடு, குளிப்பாட்டிய தண்ணீர், கண்ணேறு, பிறந்த நட்சத்திரம், மருமகள் கர்ப்பத்தில் சாப்பிட்டது எதுவும் இதற்குக் காரணம் இல்லை. ரத்தப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது குடும்பத்தில் பரம்பரையாக வருவதும் இல்லை. இதை வீட்டில் உள்ள இளையவர்களிடம் நீங்களே வாய்விட்டுச் சொன்னால் நல்லது. பல தாய்மார்கள் யாரும் சொல்லாமலே தங்களைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

தண்டு உயிரணு தருவதற்கு யார்

மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால் முதலில் உடன்பிறந்தவர்களைப் பரிசோதிப்பார்கள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஓர் அண்ணனோ தங்கையோ முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. பாதி பொருந்தும் அப்பாவோ அம்மாவோ தருவதும் இப்போது நடக்கிறது. தாத்தா பாட்டி “என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று முன்வருவது இயல்பு. ஆனால் வயது காரணமாக அதை ஏற்றுக்கொள்வது அரிது.

உறவினர் யாரும் பொருந்தாதபோது முன்பின் தெரியாதவர்களிடம் தேட வேண்டும். பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனத்தவரிடையே கிடைப்பதால், நம் பிள்ளைக்கு இந்திய வம்சாவளியினரே அதிகம் பொருந்துவார்கள். பதிவேடுகளில் நம்மவர்கள் குறைவு. சிங்கப்பூரில் எலும்பு மஜ்ஜை நன்கொடைத் திட்டம் 1993ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பதிவு செய்யக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பதே போதும். உங்கள் வளர்ந்த பேரப்பிள்ளைகளிடமும், கோயிலிலும் சமூக மன்றத்திலும் சந்திக்கும் இளையவர்களிடமும் இதைச் சொல்லலாம். “முதுகெலும்பில் துளை போடுவார்கள், முடமாகிவிடும்” என்ற பேச்சு உண்மை இல்லை. பெரும்பாலானோர் ரத்த தானம் போலக் கைநரம்பு வழியாகவே தருகிறார்கள். மற்றவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள், முதுகுத் தண்டைத் தொடுவதே இல்லை.

செலவைப் பற்றி ஒரு சொல். மெடிஷீல்டு லைஃப் சிங்கப்பூரர்களையும் நிரந்தரவாசிகளையும் பிறந்ததிலிருந்து உள்ளடக்குகிறது. அதற்கு மேல் வரும் செலவுக்கு, பிள்ளையைச் சேர்த்த முதல் வாரத்திலேயே மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். நகையை அடகு வைப்பதற்கு முன்பு கேளுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் விசாரிக்கலாம். மருத்துவரைச் சந்திக்கும்போது மகனோ மகளோ கூட இருந்தாலும், உங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மரபணுப் பரிசோதனை என்ன சொல்கிறது? முதல் சுற்றுக்குப் பிறகு மஜ்ஜையை எந்த நாளில் பார்ப்பீர்கள்? வீட்டுக்கு வந்தபின் வயிறு மறுபடியும் பெரிதானால் யாரை அழைக்க வேண்டும், எந்த எண்ணில்?